கேட்டுப் படிக்க வேண்டிய நூல்கள்

திருமணத்திற்கு முன்பு நான் எழுதியவற்றில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பட்டியல். அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் நூல்களின் பட்டியல். தத்துவம், அறிவியல், அரசியல் என்று மூன்று பிரிவாக, நீல மையில் எழுதி, சிவப்புக் கோடு போட்டு, போடிநாயக்கனூர் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. கீழே என் பெயர் இல்லை. பெண்பிள்ளையின் பெயர் பலகையில் தொங்க வேண்டாம் என்று வாசகர் வட்டத்து ஆண்கள் கருதினார்கள். அதிகாரத்தைக் கேள்வி கேட்கச் சொல்லிப் பட்டியல் போட்டவள், அது சரிதான் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. நெருக்கடி நிலை முடிந்து, கேள்வி கேட்பது திடீரென்று மரியாதைக்குரிய காரியமாகிவிட்டிருந்தது. அதுவரை வானிலையைப் பற்றிக்கூட எச்சரிக்கையாகப் பேசிய மருந்துக்கடைக்காரர், தாம் எப்போதுமே எதிர்ப்பாளர்தான் என்று சொல்லத் தொடங்கியிருந்தார். அவரும், ஓர் அறிவியல் வாத்தியாரும், வங்கியில் வேலை பார்த்த இருவரும் சேர்ந்து நடத்திய வட்டத்தில் நான் ஒருத்தியே பெண். தத்துவத்தில் முதுகலையை அஞ்சல் வழியில் படித்துக்கொண்டிருந்தேன். உலகத்தின் பெரிய ஐயங்கள் எல்லாம் எனக்குக் காக்கி உறையில், தபால்காரர் கையால் வந்து சேர்ந்தன.

ஞாயிறு தோறும் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியின் மாடியில் கூடுவோம். தரை பலகையால் ஆனது. கீழே மூட்டை பிரிக்கும் போதெல்லாம் இடுக்கு வழியாக மணம் ஏறி வரும். பேரரசுகள் எப்படி வீழ்கின்றன என்று எவ்வளவு கடுமையாகப் பேசினாலும், விசேஷ வீட்டில் பாயசத்திற்குக் காத்திருப்பவர்களைப் போலவே எங்கள் முகம் இருந்திருக்கும்.

அந்த மாடியில்தான், நல்ல வாசகர் கட்டாயம் படிக்க வேண்டிய நூல்களைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. உண்மையில் அவர்கள் நால்வரும் தத்துவம் முதலில் வர வேண்டுமா, அரசியல் முதலில் வர வேண்டுமா என்று பேச்சை முறித்துக்கொண்ட பிறகு, யார் மீதும் கோபம் இல்லாதவளாக நான் எஞ்சினேன். அகர வரிசைப்படி அரசியலை முதலில் வைக்கலாமே என்று நினைத்தேன், சொல்லவில்லை. தத்துவம் முதலில் வந்தது.

நூலகத்தில் இருந்த நூல்களைத்தான் சொல்ல முடியும் என்பதால் தேர்வு எளிது. தத்துவப் பிரிவில் முதலிடம், கடவுளை ஓரமாக உட்காரவைத்துவிட்டு ஒழுக்கத்தைப் பேசும் ஒரு மொழிபெயர்ப்புக்கு. அதன் வாக்கியங்கள் மூன்று பக்கம் நடந்து, வினைமுற்றை மறந்துவிட்டு நிற்கும். அரசியலில், அரசு எதற்கு என்று முதல் வரியிலேயே கேட்கும் ஒரு சிறு வெளியீடு. அந்தக் கேள்வியோடு சரி, மற்ற பக்கங்களில் அது எவரையும் எதிர்க்கேள்வி கேட்க விடாது. படித்து முடித்தால் ஒரு கூட்டத்தில் திட்டு வாங்கிய களைப்பு இருக்கும். அறிவியலில், கோள்களைப் பற்றிய ஒரு தடித்த நூல். எனக்கு அதன் மேல் மட்டும் காதல். பழைய அறிஞர்கள் எங்கெங்கே தவறினார்கள் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போய், கடைசி அத்தியாயத்தில் அதன் ஆசிரியர், தாமும் இந்நூலில் எங்கேனும் தவறியிருக்கக்கூடும், கண்டவர்கள் திருத்திக்கொள்ளவும் என்று எழுதியிருந்தார். அதிகாரத்தைக் கேள்வி கேட்பதாகச் சொல்லும் நூல்களை நிறுத்துப் பார்க்க இன்றும் எனக்கு அந்தக் கடைசி அத்தியாயம்தான் படிக்கல்.

நூல்கள் கிடைத்துவிட்டன; தலைப்புதான் கிடைக்கவில்லை. ‘அதிகார எதிர்ப்பு’ என்றால் காவல் நிலையத்திலிருந்து ஆள் வரும் என்று மருந்துக்கடைக்காரர் பயந்தார். நெருக்கடி நிலை முழுவதுமாகப் போய்விட்டது என்பதில் அவருக்கு ஐயம் இருந்தது. கண்ணை மூடி நம்பாமல், வரிக்கு வரி கேள்வி கேட்டுக்கொண்டே படிக்க வேண்டிய நூல்கள் இவை என்பதை மென்மையாகச் சொல்ல நினைத்து, நான் ஓர் இரவு முழுவதும் யோசித்து எழுதிய தலைப்பு: ‘கேட்டுப் படிக்க வேண்டிய நூல்கள்.’

தமிழில் கேட்பது என்ற வினை எத்தனை வீட்டில் வேலை செய்கிறது என்பதை அஞ்சல் வழித் தத்துவம் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டால் அது பணிவு. ஏன் என்று கேட்டால் அது திமிர். பெண் கேட்டு வந்தால் அது சம்பந்தம். போடியில் இன்னொன்றும் உண்டு: விலை கூறுவதும் கேட்பதுதான். ஏலக்காயைத் தட்டில் போட்டு, முகர்ந்து, கடித்து, ஏலம் கேட்பார்கள். ஏலம் என்ற ஒரே சொல்லில் காயும் இருக்கும், அதை விற்கும் முறையும் இருக்கும் ஊர் எங்களுடையது. அப்படிப்பட்ட ஊரில் நான் அந்தத் தலைப்பைத் தொங்கவிட்டேன்.

நூலகர் நேர்மையானவர், ஒழுங்கானவர். தலைப்பைப் படித்தார். கேட்டுப் படிக்க வேண்டியவை என்றால் கேட்காமல் எடுக்கக் கூடாதவை என்று பொருள் கொண்டார். பட்டியலிலிருந்த அத்தனை நூல்களையும் தட்டுகளிலிருந்து எடுத்து, தம் நாற்காலிக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவில் அடுக்கிப் பூட்டினார். அதுவரை எப்போதாவது ஒருவர் கைபட்டுக்கொண்டிருந்த நூல்கள், என் பரிந்துரைக்குப் பிறகு வெளிச்சத்தையே பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து இதை அறிந்து, அவரிடம் விளக்கப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் நிமிர்ந்து, “நீங்க எழுதுனபடியே செஞ்சிட்டேம்மா, சாவி என்கிட்டத்தான் இருக்கு. யாரும் தொட முடியாது,” என்றார். பாராட்டை எதிர்பார்க்கும் முகம். நான் நன்றி சொன்னேன். ஒரு சமையல் குறிப்பு நூலை எடுத்துக்கொண்டு திரும்பினேன். சமுதாயம் இன்னும் பக்குவப்படவில்லை என்று அன்றிரவு நாட்குறிப்பில் எழுதியதாக நினைவு.

அடுத்த தையில் எனக்குத் திருமணம் ஆயிற்று. ராசிங்காபுரத்தில் வயலும், குரங்கணிக்கு மேலே கொஞ்சம் ஏலத் தோட்டமும் உள்ள வீடு. என் கணவர் பெரும்பாலும் மலையில்தான் இருப்பார். கீழே இருக்கும் நாட்களிலும் மனம் மலையில் இருக்கும். வீட்டில் மாமா, அத்தை, பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நாத்தனார். மாமா ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கும் மனிதர். அத்தை வந்தால் மாமா எழுந்து நிற்பார்.

அரசன், குரு, சாத்திரம், அரசு என எல்லாவகை அதிகாரங்களைப் பற்றியும் படித்திருந்தேன். நான் படித்த தத்துவ ஆசிரியர்களில் ஒருவருக்கும் மாமியார் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் அந்த நூல்கள் இன்னும் மெலிந்திருக்கும். அத்தை கடுமையானவர் அல்லர். நான் அடுப்படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், “என்னத்தா, பரீட்சையா? வெரசா உலையை வையி, பெறகு பாஸாகிக்கலாம்,” என்பதோடு விடுவார். சொன்ன குரலில் சிரிப்பும் இருக்கும். உலை கொதிக்காவிட்டால் சிரிப்பு இருக்காது என்பதும் அதில் இருக்கும்.

நாத்தனார் ப்ளஸ் டூ படித்தாள். அந்தப் படிப்பே அப்போதுதான் வந்திருந்தது. ஊரில் பலருக்கு அது என்னவென்றே தெரியாது. அவளுக்கு இயற்பியல் மேல் பித்து. தோட்டத்திற்குப் போகும் ஜீப்பு குரங்கணி ஏற்றத்தில் திணறும்போது எல்லோரும் சாமியைக் கூப்பிட, அவள் எடையையும் சரிவையும் கணக்குப் போடுவாள். மதுரைக்குப் போய், விடுதியில் தங்கி, இயற்பியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் அத்தையின் அண்ணன், மலையில் பெரிய தோட்டக்காரர், தம் மகனுக்கு அவளைக் கேட்டிருந்தார். பையனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஜீப்பு ஓட்டுவான், பெரியவர்கள் முன் கைலியை இறக்கிவிடுவான். ஆவணியில் முடித்துவிடலாம் என்று பேச்சு. கல்லூரிக்கு விண்ணப்பம் போட வேண்டியது வைகாசியிலேயே. இரண்டில் ஒன்றுதான் நடக்கும்.

அவள் என்னிடம் வந்தாள். அந்த வீட்டில் படித்த ஒரே பெண் நான். மதினி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவளுக்கு நம்பிக்கை. நான் அவளை உட்காரவைத்து, அதிகாரத்தின் தோற்றம், அதன் இயல்பு, அதற்கு அடிபணியும் மனம் ஆகியவற்றைப் பற்றி விளக்கினேன். சோறு வடிக்கும் நேரம் முழுக்கப் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப அப்பாகிட்டச் சொல்லுவீங்கள்ல மதினி?” என்றாள். முதலில் நீ இவற்றையெல்லாம் படி, நூலகத்தில் என் பட்டியல் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அவள் கேட்டது ஒரு வார்த்தை. நான் கொடுத்தது மூன்று பிரிவுகள்.

பட்டியல் இன்னும் அங்கேதான் இருந்தது. மஞ்சளாகி, ஓரம் சுருண்டு. அதை எடுக்க யாருக்கு உரிமை என்று தெரியாததால் யாரும் எடுக்கவில்லை. அவள் போய்க் கோள்களைப் பற்றிய நூலைக் கேட்டிருக்கிறாள். இரண்டு ஆண்டில் வந்து கேட்ட முதல் ஆள். நூலகர் சாவியைக் கையில் எடுத்தவர், இது பெரியவர்களைக் கேட்டுப் படிக்க வேண்டிய நூல் அல்லவா என்று யோசித்திருக்கிறார். இதற்குள் தலைப்பின் பொருள் அவருக்குள் இன்னும் ஒரு படி வளர்ந்திருந்தது. “அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாத்தா,” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்று மாலை மாமா போடியில் ஏலம் முடிந்து வந்து, கால் கழுவிக்கொண்டு, முற்றத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொண்டு போனேன். அத்தை தூணில் சாய்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் வந்து நின்று, நூலகர் சொன்னதைச் சொன்னாள்.

“என்ன பொஸ்தகம் அது?”

அவள் சொன்னாள். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக எதையும் நம்பக் கூடாது, தானே பார்த்துத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும் என்கிற நூல் என்று. நான் சொல்லிக் கொடுத்த வாக்கியம். அப்பாவிடமும் அதை அப்படியே சொல்வாள் என்று நான் எண்ணியிருக்கவில்லை.

மாமா காப்பியை ஆற்றினார். “பெரியவுக சொல்றதைக் கேக்காதன்னு சொல்ற பொஸ்தகத்தை, பெரியவுகளைக் கேட்டுட்டுத்தான் படிக்கணுமாக்கும்?”

“நூலகத்துல அப்படித்தான் எழுதிப் போட்டிருக்குப்பா.”

“எந்தக் கிறுக்கன் எழுதுனான்?”

நாத்தனார் என்னைப் பார்க்கவில்லை. அவளுடைய நல்ல குணத்தைச் சொல்ல அது ஒன்றே போதும். நான் முற்றத்து முருங்கை மரத்தைப் பார்த்தேன்.

“படிச்சுக்க,” என்றார் மாமா. “அதுக்கெல்லாம் எதுக்குக் கேட்டுக்கிட்டு.”

“அப்ப காலேஜு?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு நடந்தது, இறையாண்மை எங்கே இருக்கிறது என்று நான் படித்த எந்த அரசியல் நூலிலும் இல்லாதது. அதை உங்கள் ஆத்தாவிடம் கேள் என்றார் மாமா. நான் என்னத்தைக் கண்டேன், உங்கள் அப்பாவைக் கேள் என்றார் அத்தை. அண்ணன் உன் அண்ணன், நீதான் சொல்ல வேண்டும் என்றார் மாமா. வாக்குக் கொடுத்தது நீங்கள் என்றார் அத்தை. நான் எங்கே கொடுத்தேன், பார்க்கலாம் என்றுதான் சொன்னேன் என்றார் மாமா. வீடே அஞ்சி நடக்கும் அந்த அதிகாரம் இருவரில் யாரிடமும் இல்லை. ஒருவர் மற்றவரிடம் இருப்பதாக நினைத்துக் காலம் தள்ளியிருக்கிறார்கள். மேலே மலையில் இருக்கும் அண்ணனிடம் கேட்டிருந்தால் அவரும் வேறு யாரையாவது காட்டியிருப்பார்.

இதை நினைத்து நான் மனத்துக்குள் மகிழ்ந்துகொண்டிருந்தபோது, மாமா என் பக்கம் திரும்பினார். “நீ படிச்ச புள்ள. நீ என்னம்மா சொல்ற?”

என் வாழ்க்கையில் அதிகாரம் என்னை நேருக்கு நேர் கேட்ட முதல் கேள்வி. நான் ஏழெட்டு ஆண்டுகளாகத் தயாராகிக்கொண்டிருந்த தருணம். காரணகாரியத்தோடு தொடங்கி, தனிமனித உரிமையில் முடிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

“போகட்டும் மாமா,” என்றேன்.

அத்தை நிம்மதியாக மூச்சு விட்டார். “அதைத்தான் நானும் சொல்றேன். விடுங்க, இருக்குற சோலியப் பாப்போம்.” மாமாவும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நாத்தனார் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவள் போகட்டும் என்று நான் சொன்னதை, அந்தப் பேச்சே போகட்டும், விட்டுத் தள்ளுங்கள் என்று சொன்னதாக மூவரும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தலைப்பு எழுதி இரண்டு ஆண்டு ஆகியும் நான் திருந்தியிருக்கவில்லை.

அப்படியே விட்டிருக்கலாம். மிக எளிது. எல்லோருக்கும் பிடித்த மருமகளாகக் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். டம்ளரைக் குனிந்து எடுக்கவும் செய்தேன். அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அழவும் இல்லை. கணக்கு வழியில் எங்கோ பிசகிவிட்டது என்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மதுரைக்கு,” என்றேன்.

மாமா திரும்பினார். “என்ன?”

“மதுரைக்குப் போகட்டும்னு சொன்னேன் மாமா.”

என் எதிர்ப்பின் முழு வரலாறும் அவ்வளவுதான். ஒரு நான்காம் வேற்றுமை உருபு. சொல்லிவிட்டு நிமிர்ந்த வேகத்தில் டம்ளரில் மீந்திருந்த காப்பி என் புடவையில் சிந்தியது.

அத்தை மொச்சையிலிருந்து தலை நிமிராமல், “எங்க அண்ணன் மொதல்லயே கேட்டிருக்கு,” என்றார்.

“ஏலத்துல மொதக் கேட்டவனுக்கா காய் குடுக்குறாங்க?” என்றார் மாமா. “கடைசியாக் கேட்டவனுக்குத்தான்.” சொல்லிவிட்டு, தாம் சொன்னது தமக்கே பிடித்துப்போனவராக இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, “நான் என்ன செய்ய? மருமக சொல்லிருச்சு,” என்றார்.

அவர் குரலில் இருந்தது தோல்வி அல்ல. சுமை இறக்கியவனின் சுகம். மச்சானிடம் சொல்ல அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அந்தக் காரணம் புடவையில் காப்பிக் கறையோடு நின்றுகொண்டிருந்தது. அத்தை மொச்சைச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தவர், என்னைத் தாண்டும்போது நின்றார். “அதை மொதல்லயே தெளிவாச் சொல்ல வேண்டியதுதான? போகட்டும் போகட்டும்னா எதுன்னு நெனைக்கிறது? என்னத்தா படிச்ச நீ,” என்றார். இன்றுவரை என் எழுத்தைப் பற்றிய மிகச் சரியான விமர்சனம் அதுதான்.

ஆனியில் அவள் மதுரைக்குப் போனாள். போடி ரயிலடியில் ஏற்றிவிட எல்லோரும் போனோம். அத்தை முறுக்குத் தூக்கைச் சன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, வண்டி நகரும்வரை அவளுடைய விரலை விடவில்லை. மலையில் அத்தையின் அண்ணன் வீட்டில் ஓராண்டு எங்களோடு பேச்சில்லை. அங்கே என்னைப் பற்றிச் சொல்லப்பட்டது பின்னால் காதுக்கு வந்தது: அந்த வீட்டில் அந்தப் புள்ள வைத்ததுதான் சட்டமாம், மாமனார் மாமியார் இருவரும் வாய் திறக்க முடியாதாம். என்னைக் கண்டால் சின்னப் பிள்ளைகள் பெரியவர்களுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். மருமகனாக வந்திருக்க வேண்டியவன் மட்டும் ஒரு திருவிழாவில் என்னிடம் வந்து, “எனக்கு ஒண்ணும் வருத்தமில்லக்கா. என்னைய யாரு கேட்டா?” என்று சொல்லிவிட்டுப் போனான். அவனையும் யாரும் கேட்டிருக்கவில்லை என்பது எனக்கும்கூட அதுவரை தோன்றவில்லை.

வீட்டிலும் என் நிலை கெட்டது. விதைநெல் எது, எந்த நாளில் மலைக்கு ஆள் அனுப்புவது, பசுவை விற்பதா என்று சங்கடமான எந்த விஷயமும் இப்போது, “மருமகளைக் கேட்டுக்க,” என்று என்னிடம் வந்து நின்றது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொன்னால் அதை அடக்கம் என்றார்கள். அதிகாரத்தைக் கேள்வி கேட்டவர்களுக்குச் சிறை கிடைத்ததாகப் படித்திருக்கிறேன். பசுவைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பு கிடைத்ததாக எங்கும் படித்ததில்லை.

முதல் விடுமுறைக்கு வந்தபோது நாத்தனார் அடுப்படியில் என்னருகே உட்கார்ந்து கல்லூரிக் கதை சொன்னாள். அவர்கள் நூலகத்தில் பூட்டே கிடையாதாம், தட்டிலிருந்து யாரும் எதையும் எடுத்துக்கொள்ளலாமாம். “கேக்காமலே எடுக்கலாம் மதினி. அதனாலயோ என்னமோ, யாரும் எடுக்குறதில்ல.” பிறகு பையிலிருந்து அந்தக் கோள்கள் நூலை எடுத்தாள். போடி நூலகத்திற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது. ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு கணக்கின் மேல் விரலை வைத்து, “இது தப்பு. நான் போட்டுப் பாத்துட்டேன். எங்க மேடமும் ஆமான்னுட்டாங்க,” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் பட்டியலில் நான் உண்மையாக நேசித்த ஒரே நூல் அது. தாம் தவறியிருக்கக்கூடும் என்று ஆசிரியரே எழுதிவைத்த நூல். அந்தக் கடைசி அத்தியாயத்தை எத்தனையோ பேருக்கு நான் படித்துக்காட்டியிருக்கிறேன்.

“அதெப்படித் தப்பாகும்?” என்றேன். “எழுதினவர் எவ்வளவு பெரியவர் தெரியுமா?”

அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தாள். அடுப்பின் மறுபக்கத்திலிருந்து அத்தைதான் முதலில் சிரித்தார்.